கினபாலு மலைவிடுதி: குளிரும் சைவச் சாப்பாடும்

வணக்கம் அக்கா. மகள் தோழிகளோடு மலேசியாவின் சபாவில் இருக்கும் கினபாலு மலை ஏறுகிறாள், பொது அறையில் எப்படித் தூங்குவாள், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நான் போய் வந்தவள், அதனால் சொல்கிறேன்.

சாப்பாட்டை விட உயரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்கூட இல்லை. கினபாலுவில் இரவு தங்கும் பனாலாபான் விடுதிகள் ஏறத்தாழ 3,270 மீட்டரில் இருக்கின்றன. தலைவலி வரலாம், பசியும் போய்விடும். மெதுவாக ஏறச் சொல்லுங்கள், தண்ணீர் அடிக்கடி குடிக்கட்டும். வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் கூச்சப்படாமல் வழிகாட்டியிடம் சொல்லி இறங்கிவிட வேண்டும். போகுமுன் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

விடுதியில் அடுக்குக் கட்டில்கள். மாலையிலேயே படுத்துவிடுவார்கள், உச்சிக்குப் போக அதிகாலை இரண்டு மணி வாக்கில் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு அறையையே எழுப்பிவிடும்! அதனால் ஜாக்கெட், கையுறை, தலைவிளக்கு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, படுக்குமுன் தலைமாட்டில் வைக்கச் சொல்லுங்கள். காதடைப்பானும் வேண்டும். குளிக்கவே வேண்டாம், தண்ணீர் பனிக்கட்டிதான்.

சைவம் என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் ஒரு சின்ன டப்பாவில் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். எனக்கு அங்கே வெறும் சோறு இறங்கியதே அதனால்தான்.

இன்றிலிருந்தே நம் அடுக்குமாடி புளோக் படிக்கட்டில் பையோடு ஏறி இறங்கட்டும். இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும்.