சீட் கிடைக்காவிட்டால் வக்கீல் ஆக முடியாதா?

வணக்கம் அம்மா. கிளாட் (தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத்தேர்வு) ரிசல்ட் வந்த நாளிலிருந்து மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை, பேசாமல் பி.இ. சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். "வக்கீலாகி அப்புறம் எம்.பி. ஆவேன்" என்று அவன் சொல்வது வேறு உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அவனுக்கு ஜான் மெர்சர் லாங்ஸ்டனைச் சொல்லுங்கள். 1829-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். அப்பா வெள்ளைக்காரப் பண்ணையார். அம்மா அவரிடம் அடிமையாக இருந்து விடுதலையானவர். நாலு வயதில் இருவரையும் பறிகொடுத்தார். ஓஹியோவிலுள்ள ஓபர்லின் கல்லூரியில் 1849-ல் பட்டம் வாங்கிவிட்டு சட்டம் படிக்கப் போனால், கறுப்பர் என்று கதவைச் சாத்தினார்கள். நியூயார்க் மாநிலத்துப் பள்ளி ஒன்றில், பிரெஞ்சுக்காரர், ஸ்பெயின்காரர் என்று சொல்லிக்கொண்டால் நுழைந்துவிடலாம் என்று வழியும் காட்டினார்கள். மாட்டேன் என்று வந்துவிட்டார். அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேனோ!

ஓபர்லினுக்கே திரும்பி இறையியல் படித்தார். பிறகு எலிரியா ஊரில் ஃபிலிமன் பிளிஸ் என்பவரிடம் சட்டம் பயின்றார். அந்தக் காலத்து அமெரிக்க வக்கீல்களில் பெரும்பாலோர் உருவானதே அப்படித்தான். சீனியரின் அலுவலகத்தில் உட்கார்ந்து சட்டப் புத்தகம் வாசிப்பார்கள், பத்திரங்களை நகலெடுப்பார்கள், கடைசியில் தேர்வுக்குழு முன் போய் நிற்பார்கள். லாங்ஸ்டன் 1854-ல் வக்கீலாகப் பதிவானார். மறுவருடமே பிரவுன்ஹெல்ம் என்ற சின்ன ஊராட்சியில் கிளார்க் பதவிக்கு நின்று ஜெயித்தார். 1869-ல், கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறையைத் தொடங்கி நடத்தினார். எந்தக் கதவு அவருக்குச் சாத்தப்பட்டதோ, அதை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டார். ஹைட்டியில் அமெரிக்கத் தூதராகவும் இருந்தார்.

எம்.பி. கதைக்கு வருகிறேன். 1888-ல் வர்ஜீனியாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நின்றார். எதிராளி ஜெயித்ததாக அறிவித்தார்கள். முறைகேடு என்று முறையிட்டு, 1890 செப்டம்பரில்தான் நாற்காலி கிடைத்தது. 1891 மார்ச்சில் பதவிக்காலமே முடிந்தது. ஐந்து மாதச் சொச்சம்! மற்ற வருடங்களில் அவருக்குச் சோறு போட்டது வக்கீல் தொழிலும் வாத்தியார் வேலையும் அரசுப் பணியும்தான். எம்.பி. ஆசை இருக்கட்டும், தொழிலை முதலில் கையில் பிடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு இன்னும் வழி இருக்கிறது. நம்மூர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், கிளாட் வேண்டாம். அதுவும் தவறினால் ஏதாவது பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம். அது மட்டம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் காதில் வாங்காதீர்கள். வக்கீல் தொழில் செய்யத் தேவையான பார் கவுன்சில் பதிவும் பார் தேர்வும் எல்லோருக்கும் ஒன்றுதான். அதன்பிறகு யாரிடம் ஜூனியராக உட்காருகிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் சில வருடம் கையில் காசு நிற்காது. கேஸ் கட்டு சுமப்பதும், வாய்தா வாங்கக் கை தூக்குவதும், குமாஸ்தாவிடம் திட்டு வாங்குவதுமாகத்தான் போகும். அந்த வருடங்களுக்கு வீட்டில் பணம் ஒதுக்க முடியுமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

பி.இ. விண்ணப்பத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். அதற்குள் ஒருநாள் அவனைப் பக்கத்து முன்சீப் கோர்ட்டுக்கு அனுப்பி, காலையிலிருந்து மாலைவரை பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்று கேட்ட ஒரு குறுக்கு விசாரணையை உங்களுக்குச் சொல்லட்டும். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.