மூட்டைகள் பல, வாசம் ஒன்று: ‘இஸ்’ஸா, ‘ஆர்’ஆ?

உங்கள் பாப்பா எழுதிய ‘ஆர்’ஐ டீச்சர் ‘இஸ்’ என்று திருத்தியது சரியா என்று கேட்டிருந்தீர்கள். டீச்சர் திருத்தியதுதான் சரி. ‘தி ஸ்மெல் இஸ் ஸ்ட்ராங்’ என்பதன் எழுவாயை நீட்டி, ‘தி ஸ்மெல் ஆஃப் தி ஈரோடு டர்மரிக் பேக்ஸ் ஆர் ஸ்ட்ராங்’ என்று உங்கள் பாப்பா எழுதியிருக்கிறாள். காட்டமாக இருப்பது வாசம், மூட்டைகள் அல்ல. அதனால் ‘இஸ்’ அப்படியே இருக்க வேண்டும். மற்றபடி அருமையாக நீட்டியிருக்கிறாள், அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்தத் தவறுக்குத் தமிழ்ப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘ஈரோட்டு மஞ்சள் மூட்டைகளின் வாசம்’ என்னும்போது வர்ணனை எல்லாம் முன்னால் வந்துவிடும், முக்கியச் சொல் வினைக்குப் பக்கத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் வர்ணனைதான் பெரும்பாலும் முன்னால் வரும். நீளமான வர்ணனை பின்னால் போகும். ‘வெல்லம் விற்கும் பெரியவர்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: ‘தி ஓல்ட் மேன் செல்லிங் ஜாக்கரி பிளாக்ஸ்’. ‘ஓல்ட்’ முன்னால், விற்கிற சங்கதி பின்னால். வினைக்குப் பக்கத்தில் ‘பிளாக்ஸ்’, ‘பேக்ஸ்’ என்று பன்மை நின்றால் கை தானாக ‘ஆர்’ எழுதிவிடும்.

இப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள்: ‘ஆஃப்’, ‘இன்’, ‘ஹூ’, ‘செல்லிங்’ போன்ற சொல் வரும் இடத்திலிருந்து வினைக்கு முன்வரை விரலால் மறைக்கட்டும். ‘தி ஸ்மெல்… ஆர்’ என்று வாசித்தாலே காதில் உறுத்தும்.

ஒன்று மட்டும் கவனம். ‘எ லாட் ஆஃப்’, ‘எ நம்பர் ஆஃப்’ வந்தால் மறைக்கக் கூடாது. ‘எ நம்பர் ஆஃப் பேக்ஸ் ஆர் வெட்’ சரி. அதுவே ‘தி நம்பர் ஆஃப் பேக்ஸ்’ என்றால் ‘இஸ்’.