கார்பன் ஷூ நியாயமா? மாஸ்டரிடம் கேள்வி பதில்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் நெடுந்தூர ஓட்டம் சொல்லித் தருகிறேன். அதற்கு முன் 26 வருடம் பள்ளியில் பி.டி. மாஸ்டர். புது ஷூக்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நரிமேடு: மாஸ்டர், அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்த ஷூவில் ஓடுவது ஏமாற்று வேலைதானே?

விதிக்குள் இருந்தால் இல்லை தம்பி. 2017-ல் நைக்கி கம்பெனியின் வேப்பர்ஃப்ளை என்ற கார்பன் ஷூ வந்தது. அதே வேகத்தில் ஓட உடம்பு செலவழிக்கும் சக்தி அதில் சராசரியாக 4 சதவீதம் குறைந்ததை கொலராடோ பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். தகடுதான் ஸ்பிரிங் மாதிரித் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இன்னொரு ஆய்வில் அந்தத் தகட்டை அறுத்துவிட்டு ஓடவிட்டபோதும் பலன் பெரிதாகக் குறையவில்லை. பெரும் வேலை அடிப்பாகத்தில் மெத்தை மாதிரி இருக்கும் ஃபோமுடையது. மிதித்தால் அமுங்கி, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது, எடையும் குறைவு. ஃபோம் உயர உயர லாபம் கூடலாம் என்பதால்தான் உலகத் தடகள அமைப்பு 2020-ல் சாலை ஓட்டத்துக்கு அடிப்பாகம் 40 மி.மீ. உயரம், ஒரே தகடு என்று வரம்பு கட்டியது. 2021 வியன்னா மாரத்தானில் முதலில் வந்த டெராரா ஹுரிசாவின் ஷூ 50 மி.மீ. இருந்தது. பட்டம் போய்விட்டது.

செல்லூர்: எந்த ஷூ வாங்கலாம்?

காலில் போட்டு ஓடிப் பார்த்து வாங்குங்கள். பந்தயத்தன்று முதல்முறையாகப் போடாதீர்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு 13 வயது. கார்பன் ஷூ கேட்டு அடம் பிடிக்கிறான்.

வேண்டாம்மா. பாதமும் கெண்டைக்காலும் இன்னும் வளர்கிற வயது. இந்த ஷூ போட்டு ஓடியவர்களுக்கு நடுப்பாத எலும்பில் விரிசல் விட்டதை 2023-ல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், அப்படி விரிசல் விட்டவர்களே பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள். சாதாரண ஷூ போதும்.

மேலூர்: 5000 மீட்டர் டிராக்கில் ரோடு ஷூ போடலாமா?

கூடாது. 2024 நவம்பர் முதல் டிராக்கில் எல்லா ஓட்டத்துக்கும் அடிப்பாகம் 20 மி.மீ. வரைதான், ரோடு ஷூ பெரும்பாலும் அதைவிட உயரம்.

ஒத்தக்கடை: எத்தியோப்பியாவின் அபிபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு தங்கம் வாங்கினார். ஒலிம்பிக் போன நம்ம சக்கிமங்கலம் ஓட்டக்காரி ரேவதியும் வெறுங்காலில்தான் ஆரம்பித்தார். 2009 ரோம் உலக நீச்சல் போட்டியில் 43 உலக சாதனை விழுந்த பிறகு, வேகம் கூட்டும் அந்த விசேஷ நீச்சல் உடையைத் தடை செய்யவில்லையா? ஷூவையும் மொத்தமாகத் தடை செய்யட்டும்.

பிகிலா 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, இன்னும் வேகமாக ஜெயித்தார். ரேவதிக்கும் அவருடைய பயிற்சியாளர் ஷூ வாங்கிக் கொடுத்தார். வெறுங்கால் பெருமையல்ல, வசதியின்மை. மொத்தத் தடைக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கே.கே.நகர்: காசு இருப்பவன் நல்ல சாப்பாடும் பயிற்சியும் வாங்குகிறான். ஷூவை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

சாப்பாடும் பயிற்சியும் உடம்புக்குள் போய் உழைப்பாக வெளியே வர வேண்டும். ஷூ அன்று காலை கட்டினாலே வேலை செய்கிறது. ஒலிம்பிக்கில் பெரும்பாலோருக்குக் கம்பெனியே கொடுத்துவிடும், அங்கே எனக்குக் கவலையில்லை. என் கவலை மாவட்டப் போட்டி. என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு பெண் 10 கிலோமீட்டரில் எட்டு விநாடியில் மூன்றாம் இடத்தை விட்டாள். முந்தியவள் காலில் இருபதாயிரம் ரூபாய் ஷூ, இவள் காலில் அண்ணன் போட்டுத் தேய்ந்தது. ஜெயித்த பிள்ளை மேல் தப்பில்லை, அவளும் நன்றாகவே ஓடினாள். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட் கேட்க முடியும். 18 வயதுக்குட்பட்டோர் போட்டியில் தகடு வைத்த ஷூவே கூடாது என்பது என் கோரிக்கை.

விளாங்குடி: எந்த ஷூ நல்லது மாஸ்டர்?

செல்லூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் அதே பதில்தான். பந்தயத்தன்று முதல்முறையாகப் போடாதீர்கள்.

ஒத்தக்கடை (மறுபடியும்): தடை போட்டாலும் நம்ம ஊர் போட்டியில் யார் சோதிப்பது?

நல்ல கேள்வி. ஆய்வகம் வேண்டாம். ஷூவின் இரு முனையையும் பிடித்துக் கையால் வளைத்தாலே தெரியும், தகடு இருந்தால் விறைத்து நிற்கும். சந்தேகமிருந்தால் மாடலின் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம். எண் அட்டை கொடுக்கும் மேசையிலேயே செய்கிற வேலை. இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். சம்மதமென்றால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரேஸ்கோர்ஸ் வாசலுக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள், கே.கே.நகர்க்காரரும் வரட்டும்.