வாசகர் கேள்வி: ஊடுருவலை இயந்திரம் கண்டுபிடிக்குமா?

கேள்வி: 2021 ஜூலையில் தென்னாப்பிரிக்க அரசின் துறைமுக, ரயில் நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் தாக்கப்பட்டு, எங்கள் டர்பன் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக வேலை முடங்கியதே, இயந்திரக் கற்றல் (தரவிலிருந்து கணினி தானே பயிலும் முறை) இத்தகைய ஊடுருவலை முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: ஓரளவுக்குக் காட்டிக்கொடுக்கும். பழைய முறையில், முன்பே அறிந்த தாக்குதல்களின் அடையாளங்களைப் பட்டியலிட்டு ஒப்பிடுவார்கள் என்பதால், புதிய தாக்குதல் தப்பிவிடும். இயந்திரக் கற்றலோ வலையமைப்பின் வழக்கமான போக்கைப் பயின்றுகொண்டு, கணக்குப் பிரிவு ஊழியரின் கணினி நள்ளிரவில் பல சர்வர்களைத் தட்டிப் பார்த்து, பெருமளவு தரவை வெளியே அனுப்பத் தொடங்கினால் எச்சரிக்கும்.

சிக்கல் பொய் எச்சரிக்கையில்தான் இருக்கிறது. நாளொன்றுக்கு வரும் 10 லட்சம் இணைப்புகளில் 10 மட்டுமே தீயவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒன்று மட்டும் தவறும் கருவிகூட ஏறத்தாழ 10,000 நல்ல இணைப்புகளின் மீது பழி போடும், அவற்றுக்கு நடுவே உண்மையான பத்தைக் கண்காணிப்பு ஊழியர் தேடியாக வேண்டும். 99 சதவீதத் துல்லியம் என்ற விளம்பரத்தை நான் எளிதில் நம்புவதில்லை. அத்தகைய எண்கள் பல, 1998இல் அமெரிக்காவில் செயற்கையாக உருவாக்கிய வலையமைப்புப் போக்குவரத்திலிருந்து தொகுத்த, இத்தகைய கருவிகளைச் சோதிக்கப் பயன்படும் கேடிடி 99 என்ற தரவுத் தொகுப்பில் (ஒரே பதிவு திரும்பத் திரும்ப வருவதே அதில் மிகுதி) சோதித்துப் பெற்றவை. விற்க வருபவரிடம், உங்கள் அலுவலகத்தின் சொந்தப் பதிவுகளில் ஒரு மாதம் ஓட்டிக் காட்டச் சொல்லி, நாளொன்றுக்கு எத்தனை பொய் எச்சரிக்கைகள் எழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.