மலை ஏறியதைவிட இறங்கிய பிறகு தொடை அதிகம் வலிப்பது ஏன்?

பிரான்மலை ஏறி இறங்கிய மறுநாள் படியில் கால் வைக்க முடியாமல் தவிப்பது பலருக்கும் நடப்பதுதான். காரணம் இறக்கம்.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை எடையைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது. மாடியிலிருந்து கனமான மூட்டையைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கிப் பாருங்கள்: மேலே இழுக்கும் அளவுக்கு மூச்சு வாங்காது, ஆனால் கயிறு உள்ளங்கையை உரசிவிடும். அப்படித்தான் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும்.

சரி, தடுக்க முடியுமா? முடியும். ஒருமுறை அளவாக இறங்கிப் பழகினாலே அடுத்த சில வாரங்களுக்குத் தசை நன்றாகத் தாங்கும். காரைக்குடிப் பக்கம் பெரும்பாலும் சமவெளி. ரோட்டில் எவ்வளவு ஓடினாலும் இந்தப் பழக்கம் வராது. இமயமலைப் பயணத்துக்கோ ராணுவத்துக்கோ தயாராகும் தம்பிகள் குன்றக்குடிப் படிகளில் வாரம் ஒருமுறை நிதானமாக இறங்கிப் பழகுங்கள். பை சுமப்பதெல்லாம் அப்புறம்.

தசை கடுமையாக உழைக்கும்போது உருவாகும் லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் இந்த வலி என்று பலர் நம்புகிறார்கள். அது ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வடிந்துவிடும், மறுநாள் வலிக்கு அது காரணமில்லை.