ஸ்கேட்டில் தள்ளாட்டம்: எந்தத் துணைச் சாதனத்துக்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் ஸ்கேட் வாங்கினோம். நிற்கவே தடுமாறுகிறாள். பக்கவாட்டில் மாட்டும் குட்டிச் சக்கரங்கள், பிடித்துக்கொண்டு நகரும் சட்டம், சக்கரத்தைப் பூட்டும் துண்டுகள் என்று மூன்றையும் கடைக்காரர் காட்டுகிறார். எதை வாங்குவது?
- ஒரு தாயார், பொங்கோல், சிங்கப்பூர்

பதில்: பக்கவாட்டுச் சக்கரங்கள் வேண்டாம். இன்லைன் ஸ்கேட்டில் முன்னே போவதே காலை உட்பக்கமாகச் சற்றுச் சாய்த்து, அந்த ஓரத்தால் தரையை உந்தித்தான். பக்கத்தில் குட்டிச் சக்கரம் இருந்தால் அந்தச் சாய்வு வராது. மீறிச் சாய்த்தால் குட்டிச் சக்கரம் தரையில் முட்டி, பிடிப்புள்ள பெரிய சக்கரங்களைத் தூக்கிவிடும். கால் பக்கவாட்டில் வழுக்கும். உட்பக்கத்துச் சக்கரம் மற்ற காலில் இடறுவது தனித் தொல்லை. பல வாரம் இப்படி ஓடிய பிள்ளை, அதைக் கழற்றியதும் முதல் நாள் பாடத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

சட்டத்தை வாங்குவதைவிட, பயிற்சித் தளத்தில் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். உயரத்தை ஸ்கேட் அணிந்த நிலையில் அளக்க வேண்டும். ஸ்கேட் பிள்ளையை ஏழெட்டு சென்டிமீட்டர் உயர்த்திவிடும் என்பதை மறந்து பலர் தாழ்வாக வைத்துவிடுகிறார்கள். கைப்பிடி இடுப்புக்கும் தொப்புளுக்கும் இடையே, முழங்கை லேசாக மடங்கும்படி இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் பிள்ளை குனிந்து உடல் பாரத்தைக் கையில் போடும், பின்புறம் பின்னால் தள்ளும், முழங்கால் மடங்காது. சட்டம் முன்னால் ஓடிவிட்டால் அப்படியே முகங்குப்புற விழும். நான்கு உருளைகளும் எல்லாப் பக்கமும் சுழலும் வகை பக்கவாட்டிலும் நழுவும். வெளிப்பாதையில் அதை எடுத்துப் போகவே வேண்டாம்: வடிகால் மூடியின் இடுக்கும் பார்வையற்றோருக்கான மேடுள்ள தரைக்கல்லும் சின்ன உருளையைச் சட்டென நிறுத்திவிடும்.

மூன்றில் பயன் உள்ளது பூட்டும் துண்டுதான். இது இரண்டு விதம். சக்கரங்களுக்கு நடுவே செருகும் ரப்பர் அல்லது நுரைத் துண்டு ஸ்கேட்டை உருளவே விடாது. வீட்டில் எழ, உட்கார, நடக்கப் பழக நல்லது. வாங்குமுன் செருகிவிட்டு ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். விழுந்தால் உங்கள் சக்கர இடைவெளிக்குப் பொருந்தாத அளவு. இன்னொன்று, சக்கரத்தை முன்னால் மட்டும் சுழலவிட்டுப் பின்னால் சுழலாமல் தடுக்கும் பற்சக்கர அமைப்பு. தொடக்கத்தில் உந்தும்போது ஸ்கேட் பின்னோக்கி உருண்டு, பிள்ளைகள் முன்பக்கமாக விழுவதுண்டு. அதை இது தடுக்கும். இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் பூட்டுங்கள். ஒரு கால் பூட்டியும் மறுகால் திறந்தும் இருப்பது ஆபத்து. மணல் புகுந்தால் பற்கள் சிக்கும், ஆகவே கடற்கரையோரப் பாதைக்கு உகந்ததல்ல.

இதற்கும் செலவு செய்ய மனமில்லையா? பூங்காவில் காய்ந்த புல்தரை போதும். புல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், விழுந்தாலும் அடி குறைவு.

இத்தனைக்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளை தள்ளாடினால் முதல் சந்தேகம் காலணி அளவின்மேல்தான் வர வேண்டும். வளரும் பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினீர்களா? குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்துக் காலின் நீளத்தைத் தாளில் குறித்து அளங்கள். காலணியின் உள் அட்டையை வெளியே எடுத்து அதோடு ஒப்பிட்டால், 5 முதல் 10 மில்லிமீட்டர்தான் கூடுதலாக இருக்க வேண்டும். கட்டும்போது குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, முதலில் கயிறு, அடுத்து கணுக்காலின் குறுக்கே போகும் பட்டை, கடைசியில் மேல் பூட்டு. முழங்காலை மடக்கும்போது குதிகால் உள்ளே மேலெழுந்தால் எந்தத் துணைச் சாதனமும் உதவாது. நீள அகலம் மாற்றக்கூடிய காலணி பிள்ளைகளுக்குச் சரியான செலவு.

கேள்வி: வயது 43. இரண்டிரண்டு சக்கரமாக இருக்கும் குவாட் ஸ்கேட் வாங்கினேன். கால் இரு பக்கமும் ஆடுகிறது. சக்கரமும் வேகமாக ஓடுகிறது. "நட்டை எல்லாம் இறுக்கிவிடு" என்கிறார் தோழி. செய்யலாமா?
- அங் மோ கியோ வாசகி

பதில்: தோழி சொல்வது பாதி சரி. எந்த நட் என்பதில்தான் விஷயம். ஸ்கேட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்னும் பின்னும் சக்கர அச்சைத் தாங்கும் உலோகப் பாகமான ஒவ்வொரு ட்ரக்கின் நடுவிலும் ரப்பர் போன்ற குஷன்களை அழுத்திக்கொண்டிருக்கும் பெரிய நட் ஒன்று. சக்கரத்தின் வெளிமுனையில் இருக்கும் சின்ன நட் இன்னொன்று.

ஆட்டத்தைக் குறைப்பது நடு நட். ஒரு முறைக்குக் கால்வாசித் திருப்பம் மட்டும் இறுக்குங்கள். ஒரு காலில் எவ்வளவு திருப்பினீர்களோ அவ்வளவே மறுகாலிலும். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தேவையென்றால் இன்னொரு கால்வாசித் திருப்பம். குஷன் பிதுங்கி வெளியே வந்தால் அளவு கடந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் இறுக்கினால் ஸ்கேட் வளையாது. திரும்பச் சாயும்போது ஒரு பக்கச் சக்கரம் தரையைவிட்டு எழும்பி உங்களைத் தள்ளிவிடும். இறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் உங்கள் எடைக்குக் குஷன் மிருதுவாக இருக்கிறது. கொஞ்சம் கடினமான குஷன் தொகுப்பு மாற்றுங்கள். மலிவான பாகம்தான், பலனோ அதிகம்.

சக்கர நட்டை இறுக்கி வேகத்தைக் குறைக்கும் வழக்கம் உண்டு. அப்போது அழுத்தம், சக்கரத்தின் நடுவே குண்டுகள் உருளும் வளையமான பேரிங்கின் பக்கவாட்டில் விழுகிறது. அது சுழல்வதற்கென்று செய்தது, பக்கவாட்டு நெருக்கலைத் தாங்கச் செய்ததல்ல; சில மாதத்தில் கரகரக்கும். சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டினால் மிகச் சிறிய அசைவும், சுற்றிவிட்டால் தடையில்லாச் சுழற்சியும் இருப்பதே சரியான இறுக்கம். (இன்லைன் ஸ்கேட்டில் பேரிங்குகளுக்கு நடுவே சரியான நீளத்தில் இடைக்குழல் இருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் வேகம் குறையவே குறையாது.)

வேகம் குறைய நல்ல வழி சக்கரத்தை மாற்றுவது. கடினம் 78ஏ எண்ணுள்ள மிருதுவான சக்கரம் வெளித்தரையில் நன்றாகப் பிடிக்கும், அதிர்வையும் விழுங்கும். உங்கள் ஸ்கேட்டோடு வந்தது 95ஏ அல்லது அதற்கு மேலென்றால் அது உள்ளரங்க வழுவழுத் தரைக்கானது. சிமெண்டுப் பாதையில் தடதடவென்று ஆட்டும். பேரிங்கில் மெல்லிய எண்ணெய் விடாமல் கிரீஸோடு அப்படியே வைத்திருங்கள், ஓட்டம் தானாக மந்தமாகும்.

கூடவே முன்முனை ரப்பர் தடையையும் பாருங்கள். நேராக நிற்கும்போது தரைக்கும் அதற்கும் ஏறக்குறைய இரண்டு விரல் இடைவெளி போதும். அதன் பூட்டு நட் தளர்ந்து, ஓடும்போதே தடை கழன்று விழுவது அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு முறையும் கையால் திருகிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புதிதாக வாங்குவதென்றால் பழையதைக் கடைக்கு எடுத்துப் போங்கள், தடையின் தண்டில் உள்ள திருகு அளவு எல்லா ஸ்கேட்டின் அடித்தகட்டுக்கும் ஒன்றல்ல.

கேள்வி: இன்லைன் ஸ்கேட்டின் வலது குதிகாலில் உள்ள பிரேக் இடறுகிறது. கழற்றிவிடலாமா?

பதில்: நிற்கத் தெரியும்வரை கழற்றாதீர்கள். தொடக்கத்தினருக்கு இதைவிட நம்பகமான நிறுத்தும் வழி கிடையாது. வலது காலை அரை அடி முன்னே நீட்டி, முழங்கால் மடக்கி, முன்விரல்களை லேசாகத் தூக்கினாலே ரப்பர் தரையைத் தொட வேண்டும். அதிகம் தூக்க வேண்டியிருந்தால் ரப்பர் தேய்ந்துவிட்டது. பக்கத்தில் தேய்மானக் கோடு இருக்கும், பாருங்கள். பின்னாளில் கழற்றும்போது கடைசிச் சக்கரத்துக்குக் குட்டையான அச்சு தேவைப்படலாம், வாங்கும்போதே பெட்டியில் இருக்கிறதா எனத் தேடுங்கள்.

கேள்வி: இணையத்தில் முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் கவசம் மூன்றும் சேர்த்து 12 வெள்ளிக்கு வருகிறது. "சிஇ" முத்திரை படத்தில் இருக்கிறது. நம்பலாமா? சிங்கப்பூர்ப் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டாமா?
- பிடோக் வாசகர்

பதில்: இங்குள்ள பாதுகாப்பு முத்திரை வீட்டு மின்சாதனங்கள், எரிவாயுச் சாதனங்கள் போன்ற குறிப்பிட்ட பொருள்களுக்கு. ஸ்கேட்டிலோ கவசத்திலோ அதைத் தேட வேண்டியதில்லை. விளையாட்டுப் பொருள்கள் 2011ஆம் ஆண்டின் பயனீட்டுப் பொருள் பாதுகாப்பு விதிமுறைகளுக்குள் வருகின்றன. ஐஎஸ்ஓ (அனைத்துலகம்), இஎன் (ஐரோப்பா), ஏஎஸ்டிஎம் (அமெரிக்கா) போன்ற தரங்களுக்கு அவை ஏற்றதாக இருக்க வேண்டும். ஆனால் விற்பனைக்கு முன் அவற்றுக்கு யாரும் தனியாக அனுமதி தருவதில்லை. ஆகவே சரிபார்ப்பது உங்கள் கையில்.

ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று குறிக்கும் "சிஇ" என்ற எழுத்து மட்டும் ஒன்றும் சொல்லாது. கவசத்தில் இஎன் 14120 என்ற எண், தயாரிப்பாளர் பெயர், எடைப் பிரிவு மூன்றும் தைத்தோ அச்சிட்டோ இருக்க வேண்டும்: 25 கிலோவரை ஏ, 25 முதல் 50 கிலோவரை பி, அதற்கு மேல் சி. தலைக்கவசத்தில் இஎன் 1078. இன்லைன் ஸ்கேட்டில் இஎன் 13843, குவாட்டில் இஎன் 13899. விற்பனையாளரிடம் லேபிளை அருகில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

பணம் குறைவென்றால் முதலில் நல்ல மணிக்கட்டுக் கவசம், தலைக்கவசம் இரண்டையும் வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு பாருங்கள். விழும்போது கையை ஊன்றுவது அனிச்சை. அமெரிக்காவில் 1996இல் வெளியான மருத்துவ ஆய்வில், மணிக்கட்டுக் கவசம் அணியாதவர்களுக்கு அங்கே காயம் ஏற்படும் வாய்ப்பு அணிந்தவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு எனத் தெரியவந்தது. உள்ளங்கைப் பக்கம் வளைந்த கடினத் தகடு இருக்க வேண்டும்; அதுதான் தரையில் வழுக்கிக்கொண்டு போய் அதிர்ச்சியைக் குறைக்கிறது. மலிவான தொகுப்புகளில் தகடு கட்டைவிரலால் அழுத்தினாலே மடங்கும், அல்லது வெறும் பஞ்சுதான். அது தோல் சிராய்ப்பைத் தடுக்கும், எலும்பைக் காக்காது. கவசங்களை அணியும்போது மணிக்கட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முதலில் மாட்டினால் காலணிப் பூட்டைப் போட முடியாது. நம்மூர் வியர்வைக்குக் கையால் அலசி, ஒட்டுப் பட்டையை மூடி, நிழலில் உலர்த்துங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய புது ஸ்கேட்டின் மேல் பூட்டு மூன்றாம் மாதம் உடைந்தது. "ஏழு நாளுக்குள் வந்தால்தான் மாற்றித் தருவோம்" என்று ரசீதைக் காட்டுகிறார்கள்.

பதில்: ரசீதில் எழுதினால் சட்டம் மாறாது. குறையுள்ள பொருளுக்குக் கடையிடம் பரிகாரம் கேட்க வழிசெய்து, 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டப்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பெற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள் கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். விழுந்து அடிபட்டு உடைந்தது, வழக்கமான தேய்மானம், மனம் மாறியது ஆகியவற்றுக்கு இது உதவாது. உடைந்த துண்டை எறியாமல் படம் எடுத்து, எழுத்து மூலமாகக் கேளுங்கள். மசியவில்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம். அதற்கும் மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 5,000 வெள்ளிக்கு மிகாத கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் கிடையாது.

கேள்வி: பத்து ஆண்டுப் பழைய ஸ்கேட், பெட்டி பிரிக்காதது, பாதி விலைக்கு ஒருவர் தருகிறார். எடுக்கலாமா?

பதில்: தனிநபர் விற்பனை என்றால் லெமன் சட்டம் துணைக்கு வராது என்பதை வைத்துக்கொண்டு யோசியுங்கள். "பிரிக்காதது" என்பதும் சிறப்பல்ல. பாலியூரித்தேன் பாகங்கள் ஈரப்பதத்தால் உள்ளுக்குள் சிதையும், நம் ஊர் சாமான் அறையில் இன்னும் வேகமாக. அணியாமல் கிடந்தாலும் சிதையும். அடிப்பாகத்தை நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுப்பு, வெள்ளைத் தூள், பூட்டின் ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசல் எது தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். ஓடும்போது காலணி, சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்திலிருந்து பிரிந்தால் எந்தப் பிரேக்கும் காப்பாற்றாது. பேரிங் துருப்பிடித்திருப்பது மட்டும்தான் குறை என்றால் தாராளமாகப் பேரம் பேசலாம்: எட்டுச் சக்கரத்துக்கு 16 பேரிங், 608 என்ற அளவு, எளிதில் கிடைக்கும், ஒரு மாலைப்பொழுதில் நீங்களே மாற்றிவிடலாம்.