அப்பாவைத் திருத்தாத நாவல்

கேள்வி: பதின்ம வயதினருக்காக ஒரு நாவல் எழுதுகிறேன். உப்புவெளி மீனவக் குடும்பம். அப்பா ஹெரோயினுக்கு அடிமை, கதை சொல்பவள் 13 வயது மகள். முடிவில் அப்பா திருந்தினால் போதுமா?
— வாசகி, திருகோணமலை

பதில்: போதாது. கோணேசர் கோயிலில் ஒரு சத்தியம், அடுத்த பக்கத்தில் புது மனிதன் என்றால், அப்படியொரு வீட்டில் வளரும் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். விட்டவர் மீண்டும் தொடங்குவது சாதாரணம். அதை நடுப்பகுதியிலேயே வையுங்கள்.

பலர் சறுக்குவது உடல் விபரத்தில். ஹெரோயின் கிடைக்காவிட்டால் 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், மயிர் சிலிர்க்கும். வாந்தியும் வயிற்றோட்டமும் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம். நாட்கணக்கில் தூங்காமல் திரிவது 'ஐஸ்' என்ற வேறு போதைப்பொருளைப் பாவிப்பவர், இரண்டையும் குழப்பாதீர்கள்.

மகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியவேண்டியதில்லை. "அப்பாவுக்குத் தடிமன்" என்று தம்பியிடம் சொல்வாள். ரியூஷன் காசை அரிசி வாளிக்குள் புதைப்பாள். படகு இயந்திரம் அடகுக்குப் போனதற்கும் தன்னையே நோவாள். அது அவள் பிழையல்ல என்று அம்மம்மாவாவது வாய்விட்டுச் சொல்லட்டும். வகுப்பாசிரியை 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் அந்த அழைப்போடு கதையை முடிக்காதீர்கள். அதற்குப் பிறகு வீட்டில் எழும் கோபம்தான் உங்கள் நல்ல அத்தியாயம்.